முதுகில் விழும் முடிச்சு

முன்னொரு காலத்தில், பொய்யைக்கூட மனிதர்கள் நிதானமாக உட்கார்ந்து சொன்ன காலத்தில், மாறபூபதி என்று ஒரு ராஜா இருந்தார். நல்லவர்தான். குறை என்று சொன்னால் ஒன்றுதான்: கடைசியாகக் காதில் விழுந்தது எதுவோ அதுதான் அவருக்கு வேதம். காலையில் மந்திரி சொன்னது மதியச் சாப்பாட்டோடு ஜீரணமாகிவிடும். மாலையில் வேறொருவர் சொன்னது அரசாணையாகிவிடும்.

அவருடைய நாட்டுக்கு வடக்கே ஒரு கணவாய். பாட்டனார் காலத்தில் அதன் வழியாகக் குதிரைக் கொள்ளையர்கள் இரண்டு முறை புகுந்து, ஊரைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகுதான் பாட்டனார் பக்கத்திலிருந்த மலைநாட்டோடும் கடல்நாட்டோடும் கைகோத்துக்கொண்டார். ஒருவர் மேல் படை வந்தால் மூவரும் திரண்டு வருவது என்று பேச்சு. அன்றிலிருந்து கொள்ளையர்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இந்த உடன்படிக்கைக்கு ஓலையும் கிடையாது, முத்திரையும் கிடையாது. ஒரு வழக்கம் மட்டும் உண்டு. போர்க்கவசத்தின் வார்களுக்கு முடிச்சு முதுகில்தான் விழும். முன்னால் இருந்தால் எதிரியின் வாள் அறுத்துவிடுமே! விஜயதசமியன்று ராஜா கவசம் அணியும்போது மலைநாட்டுக்காரர் ஒருவர் வலது வாரை முடிவார், கடல்நாட்டுக்காரர் ஒருவர் இடது வாரை முடிவார். அதே நாளில் நம் ஊர்க்காரர்கள் அந்த ராஜாக்களுக்குப் போய் முடிந்து விடுவார்கள். பிறகு மூன்று ஊரிலும் விருந்து.

இது படைத்தலைவர் வச்சிரபாகுவுக்குப் பிடிக்கவில்லை. அவர் 'நம் மண்' என்று சொல்லும்போதெல்லாம் மார்பில் ஓங்கித் தட்டிக்கொள்வார். தட்டித் தட்டியே அங்கவஸ்திரத்தில் ஓரிடம் நைந்து போயிருந்தது. விஜயதசமிக்கு நான்கு நாள் இருக்கும்போது, சபையில் எழுந்து நின்று அந்த இடத்தில் இன்னும் இரண்டு தட்டுத் தட்டினார்.

"மன்னர் மன்னா! அந்நியன் கை தங்கள் முதுகில் படுவதைப் பார்க்க என் ரத்தம் கொதிக்கிறது. உலகம் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது. கூட்டுச் சேர்பவன் யார்? தன் பலத்தில் நம்பிக்கை இல்லாதவன். இருவர் சேர்ந்தால் ஒருவன் மேலே, ஒருவன் கீழே. சமம் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. ஒன்று, அவர்கள் நமக்குக் கப்பம் கட்டிக் காலில் விழட்டும். இல்லையென்றால் கோட்டை வாசலோடு திரும்பிப் போகட்டும். நம் நாடு தனியே நிற்கும்!"

ராஜாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. உட்கார்ந்த இடத்திலேயே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

சபையில் காளத்தி என்று ஒரு விகடகவி இருந்தான். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் உத்தியோகம். வச்சிரபாகு ஒரு நாழிகை முழங்கினால் வீரர்கள் கேட்டுவிட்டுக் கலைந்து போவார்கள். காளத்தி ஒரு வார்த்தை சொன்னால் அதையே ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். படைத்தலைவரின் வயிற்றெரிச்சலுக்கு அது போதாதா?

"அரசே," என்றான் காளத்தி, "கொள்ளையர்கள் கணவாயில் வந்தால் படைத்தலைவர் தனியே போய் நிற்பாரா, அல்லது நாட்டை மட்டும் தனியே நிற்கச் சொல்வாரா?"

சபை கொல்லென்று சிரித்தது. வச்சிரபாகுவின் மீசை துடித்தது.

"பார்த்தீர்களா? அந்நியனுக்குப் பரிந்து பேசுகிறான். இவன் வீட்டில் மலைநாட்டுத் தேன்ஜாடி இருக்கிறது. என் ஆட்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். இவன் துரோகி! மன்னா, நான் சொல்கிற சட்டத்தை இன்றே பிறப்பியுங்கள். அதைக் காக்கும் பொறுப்பை இவனிடமே கொடுங்கள். நாட்டில் ஒரே ஒருவர் மீறினாலும் இவன் தலை உருளட்டும்!"

சட்டத்தை அவரே வாய்விட்டுச் சொன்னார். சொல்லும்போது தம் குரலைத் தாமே ரசித்தார். 'இந்நாட்டில் எவரும் தம்மைக் காக்கவோ தாங்கவோ பிறர் கையை நாடலாகாது. நாடுபவர் கோழை.'

"பிரமாதம்!" என்றார் ராஜா. "காளத்தி, உன் பொறுப்பு. மீறல் நடந்தால் உன் தலை."

காளத்தி வணங்கிவிட்டு வீட்டுக்கு வந்தான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்று வழியெல்லாம் தன்னையே நொந்துகொண்டு வந்திருந்தான். அன்று சனிக்கிழமை. மனைவி உலகம்மை எண்ணெய்க் கிண்ணத்தோடு முற்றத்தில் காத்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கிண்ணத்தை நங்கென்று கீழே வைத்தாள்.

"ஏங்க, அந்த மீசைக்காரர் கத்துனா கத்திட்டுப் போறாரு. உங்க வாய் சும்மா இருக்காதா? இந்தத் தலைக்குத்தானே நான் வாராவாரம் எண்ணெய் தேய்ச்சு விடுறேன்? சரி, திரும்புங்க. முதுகுல ஏதோ பூச்சி கடிச்சுத் தடிச்சிருக்கு. சொறிஞ்சு விடறேன்."

"தொடாதே!" என்று துள்ளினான் காளத்தி. "பூச்சிக்கடியிலேருந்து என்னைக் காப்பாத்தப் பாக்குறியே, சட்டம் என்ன ஆவுறது?"

கையை மேலே வளைத்துப் பார்த்தான், எட்டவில்லை. கீழே வளைத்துப் பார்த்தான். அப்போதும் ஒரு விரற்கடை குறைந்தது. நெளிந்துகொண்டிருந்தவன் சட்டென்று நின்றான். முகம் மலர்ந்தது.

"உலகம்மா! தலை தப்பிச்சாலும் தப்பிக்கும்."

"என்ன எழவோ," என்று சொல்லிக்கொண்டே அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒழுங்கா வீடு வந்து சேருங்க."

மறுநாள் ராஜா கோயிலுக்குக் கிளம்பினார். பல்லக்கைத் தூக்க ஆறு பேர் குனிந்தார்கள். காளத்தி ஓடி வந்து ஐந்து பேரை விலக்கினான்.

"அரசே, ஒருவன் தோள் இன்னொருவன் தோளை நாடுகிறது. சட்டப்படி ஒருவன்தான் தூக்கலாம்."

மிஞ்சியிருந்த ஒருவன் தண்டைத் தூக்கிப் பார்த்தான். பல்லக்கு ஒரு பக்கம் எழுந்து, ராஜாவை மறுபக்கம் கொட்டியது. பக்கத்தில் நின்ற வச்சிரபாகு விட்டுக்கொடுக்கவில்லை.

"சிங்கம் எங்கே பல்லக்கில் போகிறது, மன்னா? நடந்துதான் போகும்!"

அதுவும் சரிதான் என்று ராஜா நடந்தார். மாலையில் திரும்பி வரும்போது சிங்கத்தின் இரண்டு குதிகாலிலும் கொப்புளம். ஆனாலும் சட்டத்தை மாற்ற மனம் வரவில்லை.

விஜயதசமி வந்தது. அரண்மனை மைதானத்தில் ஊரே கூடியிருந்தது. கோட்டை வாசலுக்கு வெளியே மலைநாட்டுக்காரரும் கடல்நாட்டுக்காரரும் வெயிலில் காத்து நின்றார்கள். உள்ளே விட உத்தரவில்லை. இன்று அவர்கள் திரும்பிப் போய்விட்டால், கணவாயை இனி நாம் மட்டும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கூட்டத்தில் இருந்த கிழவர்களுக்கு இது தெரியும். அவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

முரசு கொட்டியது. காளத்தி முன்னால் வந்தான்.

"படை கவசம் அணியும் நேரம். வழக்கப்படி படைத்தலைவர் முதலில். சட்டப்படி, தாமாகவே!"

வச்சிரபாகு கம்பீரமாகக் கவசத்தை எடுத்து மார்பில் வைத்தார். கையைப் பின்னால் கொண்டுபோனார். அதற்குள் கவசம் நழுவி வயிற்றுக்கு வந்துவிட்டது. மேலே தூக்கினார், வார் நழுவியது. வாரைப் பிடித்தார், கவசம் நழுவியது. வாரைத் துரத்திக்கொண்டு மைதானத்தில் மூன்று சுற்றுச் சுற்றினார். பிறகு தூணில் போய்ச் சாய்ந்து கவசத்தை நிறுத்திப் பார்த்தார்.

"தூணோடு போருக்குப் போவதென்றால் யானை வண்டி வேண்டுமே," என்றான் காளத்தி.

வச்சிரபாகுவுக்கு ஒரு யோசனை வந்தது. கவசத்தை முன்பின்னாகத் திருப்பி மாட்டி, முடிச்சை நெஞ்சிலேயே போட்டுக்கொண்டு, வெற்றிச் சிரிப்போடு நிமிர்ந்தார். நெஞ்சு திறந்து கிடந்தது. முதுகில் இரும்பு திமில் போலப் புடைத்துக்கொண்டிருந்தது.

"ஆகா!" என்று கைதட்டினான் காளத்தி. "போர்க்களத்தில் எந்தப் பக்கத்தை எதிரிக்குக் காட்டப் போகிறோம் என்பதை இப்போதே முடிவு செய்துவிட்டாரே!"

மைதானமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. படைத்தலைவரின் முகம் கன்றியது. அப்போது அவர் புத்தியில் விஷம் ஊறியது. யாராவது ஒருவர் மீறினால் உருளப்போவது இவன் தலைதானே! கவசத்தை மறுபடி மார்புக்குத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற வீரனைப் பிடித்து இழுத்தார்.

"டேய் செல்லப்பா, முதுகுல கட்டுடா! சீக்கிரம்!"

செல்லப்பன் இரண்டு இழுப்பில் முடிச்சைப் போட்டுவிட்டான். கவசம் கச்சிதமாக உட்கார்ந்தது. வச்சிரபாகு அரியணையை நோக்கித் திரும்பினார்.

"மன்னா! சட்டம் மீறப்பட்டது! காளத்தியின் தலையை எடுங்கள்!"

சிரிப்பு நின்றது. கூட்டத்தில் உலகம்மை வாயைப் பொத்திக்கொண்டாள். காளத்திக்கும் பயம்தான். ஆனாலும் குரலை மட்டும் இறங்க விடவில்லை.

"தலை தயார், அரசே. அதற்கு முன் ஒரு சந்தேகம். படைத்தலைவரே, செல்லப்பன் உமக்கு எஜமானனா?"

"இவனா? சீ!"

"அப்படியானால் இவன் உமக்குக் கப்பம் கட்டிக் காலில் விழுந்ததால் முடிச்சு இறுகியதா?"

"அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இவனுக்கு என் முதுகு தெரிகிறது, கட்டினான்."

"அவ்வளவுதான், அரசே. கட்டியவனும் மேலே போகவில்லை, கட்டிக்கொண்டவரும் கீழே போகவில்லை." காளத்தி கழுத்தை நீட்டிக்கொண்டு மண்டியிட்டான். "சரி, தண்டனையை நிறைவேற்றுங்கள். ஆனால் சட்டத்தைக் காக்கத் தாங்கள் இன்னொருவர் கையை நாடக் கூடாது. தாங்களே இறங்கி வந்து வெட்ட வேண்டும். இன்று விஜயதசமி, கவசம் அணியாமல் வாளைத் தொடும் வழக்கமில்லை. கவசத்தை அணிந்துகொண்டு வாருங்கள். அதுவரை காத்திருக்கிறேன்."

ராஜா எழுந்தார். பாட்டனாரின் கவசத்தை மார்பில் வைத்தார். கையைப் பின்னால் கொண்டுபோனார். எட்டவில்லை. இன்னொரு முறை முயன்றார். அப்போதுதான் முதுகில் வடக்குக் காற்று சில்லென்று பட்டது. கணவாயிலிருந்து வரும் காற்று. இத்தனை வருஷமும் அந்த இடத்தில் இரண்டு கைகள் இருந்ததால் அவருக்கு அது தெரிந்ததே இல்லை. ராஜா பயந்துபோனார்.

பிறகு அவருடைய தோள்கள் குலுங்கின. வயிறு குலுங்கியது. கவசம் கீழே விழ, ராஜா கண்ணில் நீர் வர வர விழுந்து விழுந்து சிரித்தார்.

"கோட்டை வாசலைத் திறங்கள்! வெயிலில் நிற்பவர்களுக்கு மோர் கொடுத்து அழைத்து வாருங்கள். என் முதுகு காத்திருக்கிறது என்று சொல்லுங்கள்!"

இருவரும் வந்து வலதும் இடதுமாக முடிந்துவிட்டார்கள். வச்சிரபாகுவுக்கும் ஒரு புது உத்தியோகம் கிடைத்தது. அடுத்த ஆண்டு முதல் விஜயதசமிதோறும் அவர் மலைநாட்டுக்கு நடந்து போய், அந்த ராஜாவுக்குக் கவச முடிச்சுப் போட்டுவிட்டு வர வேண்டும்.

ராஜா தம் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் காளத்திக்குப் போட்டார். "இன்னும் என்ன வேண்டும், கேள்!"

"அரசே, நாலு நாளாக நடுமுதுகில் ஒரு பூச்சிக்கடி. தங்கள் சட்டத்துக்குப் பயந்து என் பெண்சாதியைக்கூடத் தொட விடவில்லை..."

ராஜா மறுபடியும் சிரித்துக்கொண்டே செங்கோலைத் திருப்பிப் பிடித்தார். நாடே பார்த்திருக்க, காளத்தியின் முதுகைத் தம் கையாலேயே நன்றாகச் சொறிந்துவிட்டார்.