பாறை மேல் ஒரு வெள்ளிக் கோடு

மூடுபனி கலையாத ஒரு மலைக்காட்டில் மெல்லி என்ற நத்தை வாழ்ந்தது. மலைக்கு இந்தப் பக்கம் பள்ளத்தாக்கில் மேய்ச்சல். அந்தப் பக்கம் உப்பு மண். உப்பு மண்ணை நக்காவிட்டால் எந்த விலங்குக்கும் உடம்பு தேறாது. இரண்டுக்கும் நடுவே ஒரு வழுக்குப் பாறை. ஓரம் தப்பினால் பாதாளம். பனியில் தன் கால் தனக்கே தெரியாது.

அந்தப் பாறையில் மெல்லி ஊர்ந்த தடம் வெள்ளிக் கோடாக மினுங்கும். முதலில் ஒரு சருகுமான் அதைப் பார்த்து நடந்தது. பிறகு கடமான்கள், பன்றிகள், காட்டெருமைகள் எல்லாம் நடந்தன. பனி ஈரத்தில் கோடு தினமும் அழியும். மெல்லி தினமும் மறுபடி போடும். அந்தப் பனி வெண்மைக்குள் ஊர்வது மேகத்தில் மிதப்பதுபோல் இதமாக இருந்தது. பின்னால் குளம்புகள் பத்திரமாகக் கடந்துபோகும் ஓசை அதைவிட இதமாக இருந்தது.

ஆனால் பாறையில் பாசியைத் தவிரத் தின்ன ஒன்றுமில்லை. இலை தேடிக் கீழே போய்வர நான்கு நாள் ஆகும். அதற்குள் யாராவது விழுந்துவிட்டால்? மெல்லி பாசியைச் சுரண்டித் தின்றபடி அங்கேயே கிடந்தது.

ஒருநாள் காட்டெருமைத் தலைவனிடம் கேட்டது. "அண்ணா, வரும்போது எனக்கு ஒரு வாய் இலை கொண்டுவருவீர்களா?"

"கோடு போடச் சொல்லி உன்னை யார் கேட்டது? நீயாக ஆசைப்பட்டுப் போடுகிறாய். அதற்குக் கூலியா? நேற்று கோடு ஓரிடத்தில் வளைந்திருந்தது, அதைச் சரிசெய்" என்றது காட்டெருமை.

ஆசைப்பட்டது உண்மைதான். ஆசை இருந்தால் பசி இருக்காதா என்று மெல்லி நினைத்துக்கொண்டது. போய் வளைவைச் சரிசெய்தது.

சில நாள் கழித்து அதே காட்டெருமை வெள்ளிக் கோட்டைப் பின்பற்றி வந்துகொண்டிருந்தது. பாறையின் நடுவில் கோடு மெலிந்தது, நூலானது, நின்றுபோனது. திரும்பிப் போகவும் இடமில்லை. குளம்பு பட்டு ஒரு கல் உருண்டது. அது விழுந்த ஓசை வரவே இல்லை.

"யாராவது இருக்கிறீர்களா?" என்று காட்டெருமை கூப்பிட்டது.

"உங்கள் காலடியில்தான் இருக்கிறேன்" என்றது மெல்லி.

"ஏன் நிறுத்திவிட்டாய்?"

"நான் நிறுத்தவில்லை, அண்ணா. என்னிடம் இருந்தது தீர்ந்துவிட்டது."

கீழே மேய்ந்தபோது சிக்கிய பசுங்கொடி ஒன்று காட்டெருமையின் கொம்பில் தொங்கியது. அது மெல்லத் தலையைத் தாழ்த்தியது. மெல்லி தின்றது, இலை இலையாக, நெடுநேரம். பனிக்குள் வேறு சத்தமே இல்லை. அவ்வளவு பெரிய உடம்பு மூச்சடக்கி நின்றது.

பிறகு மெல்ல வெள்ளி கசிந்தது. கோடு நகர, காட்டெருமை அடிமேல் அடி வைத்துப் பின்னால் போனது.

பாறையைத் தாண்டியதும் அது சொன்னது: "இனி என் மந்தைக்கு மட்டும் கோடு போடு. வேண்டிய இலை தருகிறேன்."

"கோடு எல்லோருக்கும்தான், அண்ணா. நான் கேட்டது பசியாற இலை மட்டுமே."

காட்டெருமை வெட்கித் தலைகுனிந்தது. நடந்ததை மற்ற விலங்குகளிடமும் போய்ச் சொன்னது. மறுநாள் முதல், பாறையைக் கடக்க வந்த விலங்குகள் எல்லாம் ஆளுக்கொரு கொத்து இலை கொண்டுவந்தன. வயிற்றுக்கு வழி இருக்கவே, இன்னும் மூன்று நத்தைகள் கோடு போட வந்து சேர்ந்தன.

ஊருக்கெல்லாம் இலவசமாக உழைப்பவருக்கும் வயிறு உண்டு. அதை நிரப்புவது பயன்பெறுகிறவர்களின் கடமை.