உளுவை நின்ற வாசல்

“அம்மா, இன்னைக்கு வர்ற படகுல நான் ஊருக்குப் போறேன்” என்றார் பூவலிங்கம்.

கரைப் பாறையில் உட்கார்ந்திருந்த நீலாயி குரல் வந்த பக்கம் திரும்பினாள். சின்ன வயதில் அம்மை கண்டு பார்வை போனவள். அவருக்கு மகள் வயதுதான். ஆனாலும் அந்தப் பவளத் தீவில் அவள்தான் குரு, அவர்தான் சீடர்.

“ஏன் ஐயா?”

“கடல் என் மகனைக் கொண்டுபோச்சு. அந்தத் துக்கம் ஆற வழி கேட்டுத்தான் உங்ககிட்ட வந்தேன். வந்த நாள்லேருந்து உங்களைக் கைபிடிச்சு நடத்துறேன். முள் கிடந்தா சொல்றேன், பள்ளம் வந்தா சொல்றேன். நீங்க எனக்கு ஒரு வார்த்தை சொல்லலை.”

உண்மைதான். மகன் பேரைச் சொல்லி அவர் தூக்கத்தில் அலறும்போதெல்லாம் அவள் சுவரைத் தடவிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காருவாள். பேசமாட்டாள். அவர் அப்படியே மறுபடி கண்ணயர்ந்துவிடுவார்.

“போங்க. போறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு. தண்ணிக்கடியில, மணல்ல ஒரு பொந்து இருக்கும். அதோட வாசல்ல யார் நிக்கிறாங்கன்னு பார்த்துச் சொல்லுங்க.”

“கடல்லயா?”

மகன் போனபின் அவர் கடலில் கால் வைத்ததில்லை. இந்தத் தீவுக்கு வந்தபோதும் படகிலிருந்து அவரைத் தூக்கித்தான் இறக்கினார்கள்.

“எனக்குத் தெரியாதே ஐயா. நீங்கதான் பார்க்கணும்.”

கோபத்தில் இறங்கினார். இடுப்பளவு ஆழத்தில் மூச்சடக்கி முகத்தை நீருக்குள் அமிழ்த்தினார்.

சத்தமெல்லாம் நின்றது.

வெயில் மணல்மேல் வலை வலையாக அசைந்தது. பவளக் கொம்புகள் மூச்சுவிடுவது போலிருந்தது. கீழே ஒரு பொந்து. வாசலில் சுண்டுவிரல் நீளத்தில் ஓர் உளுவை மீன், அசையாமல். உள்ளேயிருந்து ஓர் இறால் மணலை வாரிக்கொண்டு வந்து கொட்டியது, திரும்பிப் போனது, மறுபடி வந்தது. வெளியே வந்தபோதெல்லாம் அதன் மீசை ஒன்று மீனின் வாலைத் தொட்டபடியே இருந்தது.

தான் எங்கே இருக்கிறோம் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று. மூச்சு முட்டும்போது தலையைத் தூக்கினார், மறுபடி குனிந்தார்.

மேலே எதுவோ கடந்தது. நிழல் விழுந்தது. மீன் வாலைச் சிலுப்பியது. மறுகணம் இரண்டையும் காணோம்.

அவர் நிமிர்ந்தார். படகு வந்து நின்றிருந்தது.

“பார்த்தேன்மா” என்று நீரில் நின்றபடியே சொன்னார். “ஓர் உளுவை. கூட ஓர் இறால். இறாலுக்குக் கண் சரியாத் தெரியலை போல, மீனைத் தொட்டுக்கிட்டே வேலை பார்க்குது. மீனுக்குத்தான் பாவம், நாள் முழுக்கக் காவல்.”

“நிழல் வந்தப்போ மீன் எங்க போச்சு?”

“பொந்துக்குள்ள.”

“பொந்தைத் தோண்டினது யாரு?”

பூவலிங்கம் கரையேறி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

படகுக்காரர் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் துடுப்பை எடுத்தார்.