இருபத்திரண்டு கொடுத்த வண்டி

செங்கோடன் காரை விட்டு இறங்கிக் கதவை அறைந்து சாத்தினார்.

"பதிமூணு, அம்மணி. லிட்டருக்குப் பதிமூணு கிலோமீட்டர்! பெட்ரோல்லயும் பேட்டரியிலயும் சேந்து ஓடற வண்டி இது. வெறும் பெட்ரோல் வண்டியே இதைவிட நல்லாக் குடுக்குமுங்க."

மேகலா தரையில் உட்கார்ந்து ஒரு மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

ஈரோட்டில் ஹைபிரிட் கார்களுக்கென்றே பட்டறை வைத்திருப்பவள் அவள். வயது முப்பத்திரண்டு. செங்கோடனுக்கு ஐம்பத்தொன்று. இருபத்தெட்டு வருடம் டீசல் இன்ஜினோடு கிடந்தவர், ஆறு மாதத்துக்கு முன் தன் பட்டறையை மச்சினனிடம் விட்டுவிட்டு, "எனக்கு இந்த வேலையைச் சொல்லிக் குடுங்க" என்று அவள் முன்னால் வந்து நின்றார். ஊரில் சிலர் சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளாமல் அவளிடம் வேலை கற்றுவந்தார்.

"யாருகிட்ட வாங்குனீங்கண்ணா?"

"குணவதின்னு ஒரு நர்ஸ். ரிட்டயர்டு. இருபத்திரண்டு குடுக்குதுன்னு அடிச்சுச் சொல்லுச்சு. நரைச்ச தலையை வெச்சுக்கிட்டு அத்தனையும் பொய்யி!"

"நீங்க என்ன பாத்தீங்க?"

"பிளக் மாத்துனேன். ஏர் ஃபில்டர் புதுசு. டயர்ல காத்து சரியா இருக்கு. பிரேக் எங்கயும் புடிக்கல. அப்ப பேட்டரிதானுங்களே? செத்த பேட்டரியை என் தலையில கட்டிருச்சு."

ஏழு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, முந்தாநாள் அவர் தன் பகுதி வாட்ஸ்அப் குழுவில் அந்த அம்மாளின் படத்தைப் போட்டிருந்தார். 'இந்தத் திருடியை யாரும் வீட்டுக்குள் விடாதீர்கள்' என்று கீழே எழுதியிருந்தார். குணவதி இப்போதும் வீடுவீடாகப் போய், படுக்கையில் கிடப்பவர்களுக்கு ஊசி போட்டு, புண்ணுக்குக் கட்டு மாற்றி வருகிறவள்.

"நேத்து போன்ல என்னா குதி குதிக்குதுங்கறீங்க! 'முப்பத்தாறு வருசம் ஊசி போட்ட கை இது, என்னையவா திருடிங்கற'ன்னு கத்துது. ரெண்டு வீட்ல இனிமே வர வேண்டாம்னுட்டாங்களாம். நல்லா வேணும்!"

மேகலாவின் கை நின்றது.

"நான் கோர்ட்டுக்குப் போறேனுங்க. விக்கும்போதே பேட்டரி செத்துப்போச்சுன்னு நீங்க ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க."

"தோள்ல கிடக்கற துண்டை எடுங்கண்ணா."

எடுத்தார்.

"மூக்கையும் வாயையும் சேத்து இறுக்கிக் கட்டுங்க."

"எதுக்குங்க?"

"கட்டுங்க. கட்டிட்டு வண்டியை கேட் வரைக்கும் தள்ளுங்க."

உச்சி வெயில். பாதித் தூரம் போவதற்குள் செங்கோடனின் நெஞ்சு ஏறி இறங்கியது. கேட்டைத் தொடும் முன்பே துண்டைப் பிய்த்து எறிந்தார்.

"மூக்கை அடைச்சுட்டுத் தள்ளச் சொன்னா எவனுக்கு முடியும்?"

"தெம்பு இல்லீங்களா?"

"தெம்புக்கு என்ன குறைச்சல்? மூச்சு விட வேண்டாமா!"

மேகலா காரின் பின்கதவைத் திறந்தாள். சீட்டுக்குப் புத்தம் புது ரெக்சின் உறை. ஓரத்தில் அதை இழுத்துத் தூக்கினாள். அடியில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்னச் சல்லடை மூடி.

"பேட்டரி இது வழியாத்தான் காத்து இழுக்குது. அடைச்சா சூடாகும். சூடானா, வண்டி அதை ஒதுக்கி வெச்சுட்டு இன்ஜினையே போட்டு ஓட்டும்."

ஸ்கேனரை மாட்டிப் பார்த்தாள். பேட்டரியில் குறை ஒன்றும் இல்லை.

"இந்த உறை யாரு போட்டது?"

"நான்தானுங்க. வாங்குன அன்னைக்கே." உடனே அவர் குரல் எகிறியது. "அந்த உறைக் கடைக்காரனுக்கு அறிவு வேண்டாமுங்களா? தினம் நூறு வண்டி பாக்கறவன், ஒரு வார்த்தை சொல்லியிருக்க..."

மேகலா அவரையே பார்த்தபடி ஒரு கத்தியை நீட்டினாள். அவர் கத்தியை வாங்கி, உறையை அறுத்து எடுத்தார்.

ஐந்தாம் நாள் மறுபடி அந்தக் காரிலேயே வந்து இறங்கினார். இந்தத் தடவை கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

"இருபத்தொண்ணரை குடுக்குதுங்க."

அவள் தலையசைத்தாள்.

"குழுவுல போட்டதை அன்னைக்கே அழிச்சுட்டேன்."

அவள் கையைத் துணியில் துடைத்தாள்.

"அந்தம்மாவுக்கு போன் பண்ணி, நீங்க சொன்னது பொய்யில்லைங்க, நான்தான் தப்பாப் பேசிட்டேன்னு தனியாச் சொல்லிடறேன். அது போதுமுங்களா, அம்மணி?"

"அவங்க பொய் சொல்லலைங்கறது," என்றாள் மேகலா, "அவங்களுக்கு முன்னமே தெரியுமேங்ணா. குழுவுல படிச்சவங்களுக்குத்தான தெரியாது?"