குடவோலைக்கு நாள் குறித்த மந்திரி

வெண்குன்ற நாடு என்று ஒரு நாடு. அதை ஒரு காலத்தில் அதிரவேள் என்கிற ராஜா ஆண்டு வந்தார். மற்ற ராஜாக்களைப் போல அவர் பாட்டுக்குச் சாகும்வரை சிம்மாசனத்தில் சாய்ந்து கிடக்க முடியாது. ஐந்து அறுவடைக்குள் ஒருமுறை குடவோலை வைத்தாக வேண்டும். வீட்டுக்கு ஓர் ஓலை. தங்களை ஆள வேண்டியவர் பெயரை எழுதி மக்கள் பானையில் போடுவார்கள். எந்த நாளில் வைப்பது என்பது மட்டும் ராஜாவின் இஷ்டம். ஆனால் ராஜா முன்னால் பானையை வைத்து முதல் ஓலை விழுந்துவிட்டால், அது வெற்று ஓலையானாலும் சரி, அப்புறம் பேச்சே கிடையாது. அன்றைக்கே முரசடித்துப் பானை தெருவுக்குக் கிளம்பிவிட வேண்டும்.

ஐந்தாவது அறுவடை நெருங்கியது. ராஜா வாயே திறக்கவில்லை. ஊர் சும்மா இருக்குமா? அவர் மீசையை ஒதுக்கினால் "இந்த மாதமே" என்றார்கள். கோயிலுக்குப் போனால் "அடுத்த பௌர்ணமி" என்றார்கள். வரி கொஞ்சம் குறைந்ததும் "நாளைக்கேதான்" என்று அடித்துச் சொன்னார்கள்.

முதலில் ராஜாவுக்கு இந்த விளையாட்டு பிடித்திருந்தது. வேண்டுமென்றே இன்னொரு தடவை மீசையை ஒதுக்கிக்கொண்டார். பிறகு மழை பொய்த்தது. கிழக்கு மலைச் சிற்றரசன் பூதனின் பெயர் சந்தையில் அடிபட ஆரம்பித்தது. இப்போது வைத்தால் தோற்போமோ, தள்ளிப்போட்டால் இன்னும் மோசமாகத் தோற்போமோ என்று ராஜாவுக்குத் தூக்கம் போயிற்று. தன் பயத்தை மறைக்க ஊரைப் பயமுறுத்தினார். நாள் சொன்ன நாவிதன் சிறைக்குப் போனான். நாள் சொன்ன எண்ணெய்க்காரி எங்கே போனாள் என்றே தெரியவில்லை. அதற்கப்புறம் மகளுக்குக் கல்யாணம் என்றைக்கு என்று சம்பந்தி கேட்டால்கூட, பெண்ணைப் பெற்றவன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னான்.

கோட்டைக் காவல் தலைவர் விழுப்பரையர் என்று ஒருவர். மந்திரி குழைக்காதரின் ஆசனத்தின் மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண். ஒருநாள் சபையில் மெல்ல ஆரம்பித்தார்.

"மகாராஜா, ஊர் வாயை அடைத்து என்ன பயன்? உங்கள் மனத்தில் இருக்கும் நாள் இங்கே ஒருவருக்குத் தெரியும். மந்திரியார் முகத்தைப் பாருங்கள்."

"தெரியுமா, அமைச்சரே?"

"தெரியாது, மகாராஜா."

"தெரியாதவர் மந்திரியாக இருந்து என்ன பிரயோசனம்? நாளைக் காலை சபையில் அது எந்த நாள் என்று சொல்லும். தப்பாகச் சொன்னால் நீர் எனக்கு உதவாதவர். சரியாகச் சொன்னால் என் மனத்துக்குள் புகுந்து திருடியவர். எப்படியானாலும் உம் தலையை இடற முற்றத்தில் யானை நிற்கும்."

குழைக்காதர் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மனைவி உலகம்மைக்கு அழுகையை அடக்க முடியவில்லை.

"இப்பவே எங்க அண்ணன் ஊருக்குப் போயிரலாமே."

"எல்லா வாசலிலும் விழுப்பரையர் ஆள் நிற்கிறான்."

"அந்த மனுஷன் விட மாட்டானே. நீங்க தும்மினாக்கூட, துண்டுக்குள்ள என்னத்த ஒளிச்சீங்கன்னு பாக்குற ஆளாச்சே."

குழைக்காதர் பிசைவதை நிறுத்திவிட்டு மனைவியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரு கவளம் சாப்பிட்டார்.

மறுநாள் முற்றத்தில் யானை நின்றது. அதன் சங்கிலிச் சத்தம் சபைவரை கேட்டது. குழைக்காதர் எழுந்தார்.

"மகாராஜா, வாயால் சொன்னால் உங்கள் முகம் பார்த்து மாற்றிவிட்டேன் என்பார்கள். அதனால் எழுதிவிட்டேன். சாயங்காலம்வரை இந்த ஓலை என் மடியிலேயே இருக்கட்டும்."

ஓலையை மடியில் செருகிக்கொண்டார்.

"மடியிலா?" விழுப்பரையர் துள்ளி எழுந்தார். "உள்ளே இன்னும் எத்தனை ஓலை வைத்திருக்கிறாரோ. மகாராஜா, எல்லார் கண்ணெதிரே ஒரு பானையை வைக்கச் சொல்லுங்கள். அதில் போடட்டும்."

"வையுங்கள்" என்றார் ராஜா.

வேறு யாரையும் நம்பாமல் விழுப்பரையரே ஓடிப்போய்ப் பானையைக் கொண்டுவந்து ராஜாவின் காலடியில் வைத்தார். குழைக்காதர் காத்திருந்தது இதற்குத்தான். ஆனாலும் இப்போது யாராவது ஒருவருக்குப் பழைய வழக்கம் நினைவு வந்தால் கதை முடிந்தது. விறுவிறுவென்று நடந்து ஓலையைப் பானைக்குள் போட்டார்.

விழுப்பரையர் உடனே அதை எடுத்துப் படித்தார். "இன்று" என்றிருந்தது. அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இன்றாம். முரசே அடிக்கவில்லை. யானையைக் கூப்பிடலாமா, மகாராஜா?"

"கூப்பிடலாம்" என்றார் குழைக்காதர். "அதற்கு முன்னால் முரசடிக்கிறவனைக் கூப்பிட வேண்டும். மகாராஜா முன்னால் பானை வந்துவிட்டது. முதல் ஓலையும் விழுந்துவிட்டது. வைக்கச் சொன்னவர் மகாராஜா, கொண்டுவந்தவர் விழுப்பரையர். இதற்குப் பெயர் என்ன என்று சபை சொல்லட்டும்."

"குடவோலை" என்று எங்கோ பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. விழுப்பரையரின் முகம் வெளுத்துப் போயிற்று.

"நாளைச் சரியாகச் சொல்லிவிட்டேன், மகாராஜா. ஆனால் திருடவில்லை. இல்லாத ஒன்றை எங்கிருந்து திருடுவது? நேற்றுவரை எந்த நாள் என்று உங்களுக்கே தெரியாது."

கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவருக்கே தோன்றியது. ராஜாவின் கை வாளின் பிடிக்குப் போயிற்று.

பிறகு கை தளர்ந்தது. "தெரியாதுதான்" என்றார் ராஜா. "எனக்குப் பயமாக இருந்தது."

எழுந்துபோய்த் தன் கையாலேயே முரசை அடித்தார். நாவிதனையும் எண்ணெய்க்காரியையும் விடுவிக்கச் சொன்னார். அவள் பாதாளச் சிறையில் உயிரோடுதான் இருந்தாள். தன் தோளில் கிடந்த பட்டை எடுத்துக் குழைக்காதருக்குப் போர்த்தினார். "பானையைக் கொண்டுவந்தவரே தெருத்தெருவாகச் சுமக்கட்டும்" என்று விழுப்பரையரின் தலையில் ஏற்றினார். பிறகு குழைக்காதரிடம் குனிந்து, "நான் ஜெயிப்பேனா?" என்று கேட்டார்.

"யானை இன்னும் முற்றத்தில்தான் நிற்கிறது, மகாராஜா."

பல மாதத்தில் முதல்முறையாக ராஜா சிரித்தார். யானையைக் கொட்டிலுக்கு அனுப்பினார்.

பானை திரும்பி வந்தது. எண்ணிப் பார்த்தார்கள். கொஞ்சம் ஓலைதான் கூடுதல். இருந்தாலும் ராஜா ஜெயித்துவிட்டார். சந்தோஷத்தில் குழைக்காதரைக் கட்டிக்கொண்டு, "எல்லாம் இருக்கட்டும், நீர் ஓலையில் யார் பெயரை..." என்று ஆரம்பித்தார். மந்திரியின் கண் யானை நின்ற முற்றத்தின் பக்கம் போயிற்று. ராஜா கேள்வியை விழுங்கிக்கொண்டார்.

வெண்குன்ற நாட்டில் அதற்கப்புறம் எந்த ராஜாவும் யாரிடமும் அதைக் கேட்டதில்லை.