மேலே திறக்கும் கதவு

"தனியாளா ஒரு கார் கதவை மாட்டுறது எப்படி, டாக்டர்?"

பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறி நாகர்கோவில் வந்த அருளானந்தம், வாசலில் நின்றபடியே கேட்டார். உட்காரக்கூடப் பொறுமையில்லை.

நளாயினி பல் டாக்டர். ஆனால் இந்த மாதிரி ஆட்கள் அவரைத் தேடி வருவது பல்லுக்காக அல்ல. சினிமாவில் பார்த்த ஒரு காரை, அச்சு அசலாக, வீட்டு ஷெட்டில் யார் துணையும் இல்லாமல் கட்டி முடித்தவர் அவர்.

டாக்டர் நாற்காலியைக் காட்டினார். அருளானந்தம் தன் கதையைச் சொன்னார்.

அவரும் அடுத்த வீட்டு செல்வினும் கல்லூரி நாளில் சேர்ந்து பார்த்த படம் அது. அதில் ஒரு மஞ்சள் கார். கதவு இரண்டும் பறவை இறக்கை மாதிரி மேலே திறக்கும். தலை நரைத்த பிறகு, அதை நாமே செய்தால் என்ன என்று ஆரம்பித்தார்கள். பழைய கார் ஒன்றை வாங்கிப் பிரித்தார்கள். கூரையை ஃபைபரில் வார்த்தார்கள். இரண்டு முறை வெடித்தது, மூன்றாம் முறை நின்றது.

சண்டை வந்தது பெயின்டில். முதல் காட்சியில் வருகிற பளபளப்பு வேண்டும் என்றார் செல்வின். கடைசிக் காட்சியில் அடிபட்டு, கீறல் விழுந்து நிற்குமே, அதுதான் கார் என்றார் அருளானந்தம். பேச்சு தடித்தது. செல்வின் தன் டூல் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்தான். பிறகு இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

"அந்தக் காரைப் பாத்தாலே இப்ப அலுப்பா இருக்கு. விட்டுத் தொலைக்கவும் முடியல. மிச்சம் ஒரு கதவுதான். அதையும் மாட்டிட்டா தூங்கிருவேன்."

பிறகு கேட்டார்: "நீங்க சொல்லுங்க, எங்க ரெண்டு பேர்ல யார் சொன்னது சரி?"

டாக்டர் எழுந்து ஷெட்டுக்குக் கூட்டிப்போனார். உறையை விலக்கினார்.

கார் புதுக்கருக்கோடு நின்றது. டிரைவருக்குப் பக்கத்து சீட்டில், கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் இன்னும் பிரிக்காமல் இருந்தது.

அருளானந்தம் குனிந்து கதவின் கீலை மட்டும் பார்த்தார். இதை எப்படி மாட்டினீர்கள் என்று கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை வர்றேன்," என்றார் டாக்டர்.

சொன்னபடி பாளையங்கோட்டைக்கு வந்தார். அருளானந்தத்தின் மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை.

முற்றத்தில் நின்ற காரில், இருவரும் கதவைத் தூக்கிக் கூரையோடு பொருத்தினார்கள். அருளானந்தம் தலைக்கு மேல் இரண்டு கையாலும் தாங்கிக்கொள்ள, டாக்டர் ஸ்பானரால் ஒரே ஒரு போல்ட்டை முடுக்கினார். மற்றவை பாக்கி இருந்தன.

டாக்டர் ஸ்பானரைத் தரையில் வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். செருப்பை மாட்டினார்.

முதலில் அருளானந்தத்துக்குப் புரியவில்லை.

"டாக்டர், கையை எடுத்தா கூரை பிளந்துரும்."

"ஆமா."

"அந்த ஸ்பானரையாவது எடுத்துக் குடுங்க."

"எந்தக் கையால வாங்குவீங்க?"

அருளானந்தம் அண்ணாந்து தன் இரண்டு கையையும் பார்த்தார்.

"தனியாளா மாட்டுறது எப்படின்னு கேட்டீங்க சார். இப்படித்தான்."

கேட்டைச் சாத்திவிட்டு டாக்டர் போய்விட்டார். செருப்புச் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது.

அருளானந்தம் நின்றார். தோள் கடுத்தது. வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்க வழியில்லை. டாக்டரைத் திட்டினார். செல்வினைத் திட்டினார். பிறகு திட்டவும் சத்து இல்லாமல் போயிற்று. முழங்கை நடுங்க ஆரம்பித்தது. ஃபைபர் மெல்ல முனகியது.

செல்வின் வீட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"செல்வின்."

பழக்கம் விட்டுப்போன பெயர். சத்தம் சுவரைத் தாண்டவில்லை.

"செல்வின்!"

சுவருக்கு மேலே ஒரு நரைத்த தலை எழும்பியது. அவரைப் பார்த்தது. கதவைப் பார்த்தது.

"கைய எடுத்துராதலே," என்றார் செல்வின். "வாரேன்."