கிளையைக் குலுக்கிய மந்தி

உங்கள் உடம்பில் ஏதோ சரியில்லை. அது என்னவென்று வைத்தியருக்கே தெரியவில்லை. வேலை கேட்டுப் போகும் இடத்தில் அதைச் சொல்வீர்களா, மறைப்பீர்களா? பதில் சொல்லுமுன் மந்தி சாம்பியின் கதையைக் கேளுங்கள்.

அந்தக் கோடையில் காடே காய்ந்திருந்தது. குளக்கரை அத்திமரம் ஒன்றே பழுத்திருந்தது. சிறுத்தை வந்தால் உச்சியிலிருந்து குரல் கொடுத்து மான்களைக் காப்பவருக்கே அந்த மரம் என்பது அக்காட்டு வழக்கம். பழைய காவற்குரங்கு இறந்துபோகவே, மான்களின் தலைவன் கவைக்கொம்பன் புதிய காவலுக்கு ஆள் தேடியது.

சாம்பியின் மடியில் பால்குடிக் குட்டி இருந்தது. இரையில்லாமல் பால் வற்றிக்கொண்டிருந்தது. தொண்டையிலோ ஒரு வீக்கம். சில வேளைகளில் குரல் அடைத்துக்கொள்ளும்.

வைத்தியம் பார்க்கும் கரடி வீக்கத்தைத் தடவிப் பார்த்தது. "வெறும் வீக்கமா, கெட்ட கட்டியா, இப்போது சொல்ல முடியாது அம்மா. பௌர்ணமி வரை பொறு."

"என் குட்டி பொறுக்குமா ஐயா?"



மறுநாள் அத்திமரத்தடியில் வேலை கேட்டு வந்தவர்கள் கூடினார்கள். முதலில் மயில் வந்தது.

"நீயா? மேகம் கறுத்தால் ஆடப் போய்விடுவாய்!" என்றது கவைக்கொம்பன். மான்கள் சிரித்தன.

அடுத்து ஒரு நொண்டிக் குரங்கு வந்தது.

"தன் காலையே காப்பாற்றத் தெரியாதவன் எங்களைக் காப்பாற்றப் போகிறானாம்! போ, போ!"

மான்கள் இன்னும் உரக்கச் சிரித்தன.

சாம்பியின் முறை வந்தது. "உடம்பில் குறை ஏதும் உண்டா?"

"இல்லை தலைவரே!"

அன்று குரல் கணீரென்று ஒலித்தது. மரம் சாம்பிக்குக் கிடைத்தது.

மருதி என்ற பெண்மான் அருகில் வந்தது. "அக்கா, எனக்கும் பச்சைக்குட்டி இருக்கிறது. இனி நிம்மதியாய் மேய்வேன். மேலேயிருந்து கொஞ்சம் தழையும் போடுங்களேன்!"

"அதற்கென்ன தங்கச்சி!" என்றது சாம்பி. நாள்தோறும் கிளையைக் குலுக்கித் தழை உதிர்த்தது. நோயின் பெயர் தெரிந்த பிறகு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டது.

ஒன்பதாம் நாள் நண்பகலில், மரத்தடிப் புதரில் சிறுத்தை பதுங்கியது. சாம்பி வாயைத் திறந்தது. காற்றுதான் வந்தது! பதறிப்போய்க் கிளையைப் பிடித்துக் குலுக்கியது.

மருதி நிமிர்ந்து பார்த்தது. "அக்கா தழை போடுகிறார்!" என்று மரத்தடிக்கு ஓடிவந்தது.

சிறுத்தை பாய்ந்தது.

மாலையில் சாம்பிக்குக் குரல் திரும்பியது. கவைக்கொம்பன் கேட்டது: "குரல் அடைக்கும் என்று முன்பே தெரியுமா?"

"தெரியும்."

"கிளை குலுங்கினால் ஓடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே!"

"நொண்டிக் குரங்கை நீங்கள் விரட்டியபோது நானும் அங்கேதான் நின்றேன், தலைவரே."

கவைக்கொம்பன் தலை கவிழ்ந்தது. மருதியின் குட்டி மரத்தடி மண்ணை மோந்துகொண்டே நின்றது.

பௌர்ணமியும் வந்தது. கரடி மறுபடி தடவிப் பார்த்தது. "இன்னும் ஒரு மாதம் பொறு அம்மா" என்றது.

நோயின் பெயர் தெரியட்டும் என்று உண்மையைத் தள்ளிப்போடுபவரும், உண்மை சொல்ல அஞ்சும்படி பிறரை விரட்டுபவரும் ஒரே பழியைச் சுமக்கிறார்கள். ஆகவே மறைத்து வைத்ததை இன்றே சொல்லுங்கள், சொல்ல வருபவரை இன்றே அமரவைத்துக் கேளுங்கள்!