கரைக்குக் கீழே முப்பது ஆசனங்கள்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் இன்றைக்கும் சிலருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதால் நான் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், ராஜாவுக்கு ஓர் ஆசை வந்தது. ஏரி கட்டுகிறவர்களையும் கப்பல் விடும் வணிகர்களையும் ஒரே மாதத்தில் தலைவர்களாக்கிவிட வேண்டுமாம்! ராஜகுரு வாகீசர் உடனே ஒரு கல்விச்சாலை திறந்தார்.

அங்கே என்ன சொல்லிக்கொடுத்தார் தெரியுமா? பேசுமுன் எத்தனை முறை செருமுவது, சால்வையை எந்தத் தோளில் போடுவது! தலைவனின் ஆசனம் எல்லோருக்கும் முன்னால் இருக்க வேண்டும் என்பது முதல் பாடம். மழைக்காலம் வாசலில் நிற்க, பெரிய ஏரியின் கரைவேலையை அப்படியே போட்டுவிட்டு முப்பது பேர் செருமிக்கொண்டிருந்தார்கள்.

கரை கட்டும் செம்பியன் ஒருநாள் சேற்றுக் காலோடு வகுப்புக்குத் தாமதமாக வந்து, மதகோரம் நீர் கசிகிறது என்றான். "தலைவனுக்குரிய நடை இவனிடம் இல்லை" என்று குரு அவனை வெளியே அனுப்பி, அவனிடமிருந்த கரைப் பொறுப்பைத் தேறிய மற்ற முப்பது பேருக்கும் கொடுத்துவிட்டார். ஏரிக்குக் கீழே பதினெட்டு ஊர்கள் இருந்தன.

அரசவை விகடன் விடங்கனுக்கு இது பொறுக்கவில்லை. சபையிலேயே கேட்டுவிட்டான்: "குருவே, செருமினால் கசிவு நிற்குமா?"

குரு முகம் சிவந்தார். "அரசே! பழிக்கும் இவன், ஒரு சொல்லும் கற்பிக்காமல் நாளைக்குள் ஒரு தலைவனை உருவாக்கிக் காட்டட்டும். இல்லையேல் நாட்டை விட்டுப் போகட்டும்."

"அவ்வாறே ஆகட்டும்" என்றார் ராஜா.

மறுநாள் ஏரி நிறைந்த விழா. புது வெள்ளம் நிறைந்தால், கரைக்குப் பொறுப்பானவர்கள் அதன் கீழே போய் நிற்பது அந்நாட்டின் பழைய வழக்கம். வரவர கரைமேல் பந்தல் போட்டு மாலை வாங்கிக்கொள்வதோடு சரி. அன்றோ பந்தலில் ஓர் ஆசனமும் இல்லை. முப்பதும் கரைக்குக் கீழே, மதகை ஒட்டி வரிசையாகக் கிடந்தன.

"என்ன இது?" என்று உறுமினார் ராஜா.

"முதல் பாடப்படியே செய்தேன், அரசே" என்றான் விடங்கன். "கரை உடைந்தால் வெள்ளத்துக்கு நேரே, எல்லோருக்கும் முன்னால் இருக்கிற இடம் அதுதான்."

முப்பது பேரும் செருமினார்கள். ஒருவருக்கு வயிற்றுவலி வந்தது. தலைவன் தொலைவிலிருந்து பார்ப்பதே முறை என்றார் இன்னொருவர். யாரும் இறங்கவில்லை.

கூட்டத்திலிருந்த செம்பியன்தான் இறங்கினான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. மதகோரம் கை வைத்துப் பார்த்தவன், "அடேய், இன்னும் கசியுதுடா! களிமண்ணு கொண்டாங்க, வைக்கோலு கொண்டாங்க!" என்று கத்தினான். அறுபது ஆட்கள் மண்வெட்டியோடு அவன் பின்னால் ஓடினார்கள். உச்சிவேளைக்குள் கசிவு நின்றது.

"இவனுக்கு நான் ஒரு சொல்லும் கற்பிக்கவில்லை, அரசே" என்றான் விடங்கன்.

ராஜாவுக்கு முதலில் வெட்கம் வந்தது, பிறகுதான் சிரிப்பு. செம்பியனிடம் கரையைத் திருப்பிக் கொடுத்து, "உனக்கு என்ன வேண்டும், கேள்" என்று விடங்கனைப் பார்த்தார்.

"மழை ஓயும்வரை கல்விச்சாலை கரைக்குக் கீழே, இந்த ஆசனங்களிலேயே நடக்கட்டும், அரசே. குருவின் ஆசனம் முன்வரிசையில்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்து, அப்படியே ஆணையிட்டார்.

முதல் வகுப்புக்கு வந்த குரு உட்காரவில்லை, செருமவும் இல்லை. நேரே செம்பியனிடம் போய், "அப்பா, கரை தாங்குமா?" என்று கேட்டார். அந்தக் கல்விச்சாலையில் யாரும் அதுவரை கேட்காத கேள்வி அது.